பிண்ணாக்குக் கணக்கு

எண்ணெயைப் பங்கு வைத்ததில் சண்டை வரவில்லை.
பிண்ணாக்கில்தான் வந்தது.

மோயோவுக்கு வடக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம்,
பதினொரு பேருக்கு ஒரு செக்கு.
டீசல் குடித்து இருமும் சிவப்பு இயந்திரம்;
ஆருவாவிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோதே
ஒரு போல்ட் குறைவு.
நிலம் எங்களுடையது, ஆறு பேர்.
கை அவர்களுடையது, ஐந்து பேர்.
எள்ளுக்கு ஏழு உழவு என்பார்கள்.
மூன்றோடு நாங்கள் கைவிடும் மண்ணைக்
கிடென் நான்காவது முறையும் கொத்தினாள்.
குத்தகை, விளைச்சலில் மூன்றில் ஒன்று.

இதே கிடென்தான் இரண்டு வருடம் முன்பு
என் ஷியா மரத்தை வெட்டியவள்.
கொட்டைக்குள் வெண்ணெய் வைத்திருக்கும் மரம்,
காய் பிடித்திருந்த நேரம்.
முகாமில் சோளம் கொடுத்தார்கள்,
அதை வேகவைக்க விறகு கொடுக்கவில்லை.
என் கொழுந்தன் அங்குயோ தடியோடு போனான்.
நான் போகவில்லை.
ஈரம் காயாத அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதில்
துப்பாக்கிக்குப் பயந்து நாங்களும் ஓடினோம்,
அவர்கள் வந்த அதே வழியில், எதிர்த்திசையில்.
அங்கே யாரோ ஒருத்தி என் அம்மாவுக்கு
ஒரு மண்வெட்டி கொடுத்தாள்,
காம்பில்லாமல்.
காம்புக்கு அம்மா யார் மரத்தை வெட்டினாள்,
கேட்டுத்தான் வெட்டினாளா,
எனக்குத் தெரியாது.
கிடெனிடம் இதைச் சொன்னதில்லை.
சொன்னால் குத்தகையைக் குறைக்கச் சொல்வாள்.

அந்தச் சந்தை நாளைச் சொல்ல வேண்டும்.
வியாபாரி எங்கள் ஆள், எங்கள் மொழி,
என் தங்கை கல்யாணத்தில் சாப்பிட்டவன்.
மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்டினான்,
எண்ணைச் சொன்னான்,
நான் தலையாட்டினேன்.
கிடென் ஆட்டவில்லை.
எட்டு வருடம் ரேஷன் வரிசையில் நின்றவள்;
முள் எங்கே நிற்கும், எங்கே நிற்பதுபோல் நடிக்கும்,
இரண்டும் தெரியும்.
எதுவும் மாட்டாமல் தராசைக் காட்டச் சொன்னாள்.
வெறும் தராசு பூஜ்யத்துக்குக் கீழே
மூன்று கிலோ கடன் வைத்திருந்தது.

நானும் என் அம்மாவும் எத்தனை மூட்டை
அந்தக் கொக்கியில் மாட்டியிருப்போம்!
வீடு வரைக்கும் எண்ணிப் பார்த்தேன்,
வழியில் விட்டுவிட்டேன்.

பிண்ணாக்குக்கு வருகிறேன்.
"ஆடு எங்களிடம். பிண்ணாக்கும் எங்களுக்கு.
எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது,
எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?"
என்றான் அங்குயோ.
புழுக்கை யாரென்று யாரும் கேட்கவில்லை.
இயந்திரத்தை யாரோ அணைத்துவிட்டார்கள்.
சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்கியது.
ஜொகுடு, அதிகம் பேசாதவள்,
உள்ளங்கையில் ஒட்டிய எள்ளை ஒவ்வொன்றாக உரித்தபடி சொன்னாள்:
"ஆடு இல்லாததால்தான் கேட்கிறோம்."

வானி நோட்டைத் திறந்தான்.
அவன் அவர்கள் பையன், கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
நாங்கள்தான் கணக்கெழுத வைத்தோம்.
கோடு போட்டு எழுதினான்:
ஜொகுடு பங்கு, நாற்பது கிலோ பிண்ணாக்கு,
அங்குயோவின் சினையாட்டுக்கு.
வரவு: பெட்டைக்குட்டி ஒன்று.
அங்குயோ கட்டைவிரல் வைத்தான்.
மை இல்லை, எண்ணெய்தான்.
தாளில் அந்த ரேகை பின்பக்கம்வரை ஊறியது.

ஆடு போன வாரம் ஈன்றது.
ஒரே குட்டி.
கிடா.

நோட்டில் பெட்டை என்றுதான் இருக்கிறது என்கிறாள் ஜொகுடு.
கடவுளிடம் கேள் என்கிறான் அங்குயோ.
வானி பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.
செக்குக்கு அந்தப் போல்ட் இன்னும் வரவில்லை,
கிடென் கம்பியால் முறுக்கிக் கட்டியதில் ஓடுகிறது.
குட்டியை யார் வீட்டில் கட்டுவதென்று
திங்கட்கிழமை கூட்டம்.
அதுவரை அது
வரப்பின் இரண்டு பக்கமும் மேய்கிறது.