உள்ளபடியே பயன்படுத்தலாம்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெயின் ரோடு.
நிலவில் இறங்கப்போகும் கால்களுக்கு
முழங்கால் பிராக்கெட்டுகள் பதினெட்டு,
ஸ்பேர் இரண்டு.
அலுமினியம். ஒவ்வொன்றும் இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஒரு கிராம் ஏறினால் பெங்களூரிலிருந்து போன் வரும்.

பதினான்காவதை விளக்கடியில் திருப்பியபோது
உள்குழியின் சுவரில், விரல் நுழையாத இடத்தில்
ஏதோ மின்னியது.
லென்ஸ் வைத்தேன்.
அஞ்சலை.

அதுவும் அந்தப் பழைய லை,
துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற லை.
எழுத்தைச் சீர்திருத்தி எத்தனையோ வருடமாகிறது;
அவள் கைக்கு யாரும் சொல்லவில்லை.
சம்பள நோட்டில் சனிக்கிழமைதோறும்
யானையோடுதான் கையெழுத்துப் போடுவாள்.

பிசிறு எடுக்கிற வேலை அவளுக்கு.
மெஷின் வெட்டிய விளிம்பில் மயிரிழை உலோகம் துருத்தும்.
கட்டைவிரலை ஓட்டிக் கண்டுபிடிப்பாள்,
அரம் போடுவாள்,
மறுபடி ஓட்டுவாள்.
என் மைக்ராஸ்கோப் தவறவிட்டதை
அந்த விரல் பிடித்திருக்கிறது, இரண்டு முறை.
ஒரு முறை நான் ஒத்துக்கொள்ளவில்லை.
தொட்ட தடம் தெரியாமலிருந்தால்
அவள் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம்.

பட்டரவாக்கத்தில் தண்டவாளம் தாண்டும்போது போனாள்.
ஷிப்ட் முடிந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.
அந்தப் பதினொன்றை ஆபீஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.
காண்ட்ராக்ட் ஆள் என்றது.
காண்ட்ராக்டர் கொடுத்த பட்டியலில் அப்படி ஒருத்தி இல்லை,
அஞ்சலி என்று யாரோ இருந்தாள்.

லாசரைக் கூப்பிட்டேன்.
மறுக்கவில்லை. கூலன்ட் வாடையோடு நின்றான்.
"மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் மேடம் தெரியும்.
நோட்டுலேர்ந்து கிராஃப் பேப்பர்ல எடுத்து
புள்ளி புள்ளியா குடுத்தேன்.
ஞ மட்டும் மூணு நைட் ஷிப்ட் சாப்ட்ருச்சு."
எடை ஏறுமே என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
"செதுக்கினா எப்படி மேடம் ஏறும்?"

தராசில் வைத்தேன்.
மூன்று மில்லிகிராம் குறைந்திருந்தது.

குறைபாட்டுப் படிவத்தை எடுத்தேன்.
குறை: உட்சுவரில் கீறல்.
ஆழம்: நாற்பது மைக்ரான்.
காரணம் என்கிற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
கருவி அதிர்வு என்று எழுதினேன்.
தீர்வு: உள்ளபடியே பயன்படுத்தலாம்.
தமயந்தி, தரக் கட்டுப்பாடு. தேதி. சீல்.

இறங்கிய ராத்திரி கேன்டீனில் டிவி, கேசரி.
கடைசி நிமிடத்தில் உயரம் காட்டும் எண்
ஒரே இடத்தில் நின்றுவிட்டது.
யாரோ கேசரித் தட்டை மூடினார்கள்.
லாசர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதில் விளம்பரம் வந்த பிறகும்.

அறிக்கை வர நாற்பத்தோரு நாள்.
நாற்பது மைக்ரானில் விரிசல் தொடங்குமா,
அந்தக் குளிரில், அந்த உதறலில்?
தொடங்காது என்றது கணக்கு.
கணக்குப் போட்டது நான் என்பதுதான் தூங்கவிடவில்லை.

உயரமானியின் மென்பொருளில் பிழையாம்.
கால்களைப் பற்றி ஒரே ஒரு சொல், நாற்பதாம் பக்கத்தில்:
விரிந்தன.
பஸ்ஸில் நின்றுகொண்டே அதை ஆறேழு தடவை படித்தேன்.
கொரட்டூரில் இறங்க மறந்தேன்.

வண்டி ஒருக்களித்துக் கிடக்கிறதாம்.
அவள் பெயர் வானத்தைப் பார்த்திருக்கலாம்,
புழுதிக்குள் கவிழ்ந்திருக்கலாம்,
யானை தலைகீழாக நிற்கலாம்.
அரம் எடுத்துக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

நேற்று அடுத்த ஆர்டர் வந்தது. இருபத்திரண்டு.
முதல் பீஸை எடுத்தேன்.
லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு
விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
மறுபடி ஓட்டினேன்.