ஈரத்துக்கு ரெண்டு கிலோ

மாசியில் பத்தனை எதையும் ஒளிக்காது.
கஹட்ட மரங்கள் ஓர் இலையும் இல்லாமல்
கரிக்கம்புகளாய் நிற்கும்.
மேக்கணக்கின் கடைசித் தேயிலை வரிசையில் குந்தினால்
ஓடைக்கு அந்தப்பக்கம்
காட்டுச்சேவல் கொண்டையைத் திருப்புவதுகூடத் தெரியும்.
அதற்கும் என்னைத் தெரியும்.
அதுதான் மாசியின் தொல்லை.

ஆனால் அப்போது குரல் பொய் சொல்லாது.
விடியலில் ஒரேயொரு தரம்
'சொக், சொஜோயிக்' என்றால் போதும்.
எழுபது எட்டு, ஓடைப்பக்கம், தனிச்சேவல்
என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.
மருந்தும் ஈயமும் இடித்த துவக்கு
சாக்குக்குள் குளிர்ந்து கிடக்கும்.
(சட்டத்துக்கு அந்தப் பறவையும் ஆகாது, அந்தத் துவக்கும் ஆகாது.
கிழமை நாட்களில் நான்
கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை.)

பங்குனியில் மழை விழுந்தது.
மூன்றாம் நாள் மடுல்சீமைப் பக்கம் முழுக்க
காட்டுக்கறுவா வெற்றிலை துப்பினாற்போலத் தளிர்த்தது.
போன கிழமை கம்பாய் நின்றதெல்லாம்
இப்போது யாரையோ மறைத்துக்கொண்டு நின்றது.

நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.
சருகு நனைந்திருக்கிறது, செருப்பு பேசாது.
இலைக்குப் பின்னால் போனால் நான் யாருமில்லை.
அங்கே வேறு எவரும்
யாருமில்லாமல் போயிருப்பார்கள் என்பது
புத்தியில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பனி பாதி ஏறியிருந்தது.
சேவல் கூப்பிட்டது.
துணிக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டமாதிரி.
இருநூறு எட்டு என்றேன், எனக்குள்.
முப்பது நடந்ததும் மறுபடி கூப்பிட்டது,
இன்னும் தூரத்திலிருந்து.
தளிர் சத்தத்தைக் குடிக்கிறது
என்று தெரிந்த காதுதான்.
தெரிந்தும் நம்பியது.

அப்போது, இலைக்கு நடுவே
ஒரு கை அகலத்தில் சிவப்பு.
கறுவாத் தளிர் இல்லை, அது அசைந்தது.
குனிந்தது. நிமிர்ந்தது. கொத்துகிறதாக்கும்.
துவக்கின் குதிரையை ஏற்றினேன்.
மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

சிவப்பு இருமியது.

பிறகு விறகு ஒடிந்தது.
கோழி விறகு ஒடிப்பதில்லை.

கீழ்க்கணக்குப் பவளக்கொடி,
தலையில் சிவப்புத் துண்டு,
என்னிலிருந்து பதினைந்து எட்டு.
நேற்றுவரை அந்தச் சரிவில்
அவளை ஒரு மைலுக்கு அப்பாலேயே கண்டிருப்பேன்.
ஏற்றிய குதிரையை
விரல் நடுங்காமல் இறக்கத் தெரியாமல்
கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தேன்.
எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலிருந்து
சேவல் படபடவென்று எழும்பியது.
"அட சனியனே, பயமுறுத்திட்டியே!"
என்று அவள் திட்டியது
சேவலை.

திங்கள் மத்தியானம் நிறுவைக் கொட்டகை.
கூடைகளில் பங்குனிக் கொழுந்து, சொட்டச் சொட்ட.
வரிசையில் நின்று அவள்
பின்னால் வந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"எங்கேயோ மலைக்கு அப்பால கத்துதுன்னு நெனச்சேன்டி,
காலடியில இருந்துச்சு."
நான் தராசு முள்ளையே பார்த்தேன்.
இருபத்தொன்று.

ஈரத்துக்கு ரெண்டு கழிக்கவேண்டும்.
மழைநாளில் எல்லாருக்கும் கழிப்பேன்,
என் சொந்த மதினிக்கும் கழித்திருக்கிறேன்.
இருபத்தொன்று என்றே எழுதினேன்.

அவள் துண்டுச் சீட்டைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், திரும்பச் சீட்டை.
"என்னங்க கணக்கப்பிள்ளை,
இன்னைக்கு எலையில தண்ணி இல்லீங்களா?"

"அடுத்த ஆள்" என்றேன்.