நான்காவது முறை கழுவவில்லை

பதினோரு கோடைகளாக இந்தக் கப்பலில் சமைக்கிறேன்.
குரில் தீவுகளை எனக்குத் தெரியும்,
வட்டச் சன்னலின் அளவுக்கு.
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே
ஒரு தட்டகலம் எரிமலை,
உச்சியில் புகை.
பிறகு சூப்பின் ஆவி வந்து
கண்ணாடியை மூடிவிடும்.

பயணிகள் ரப்பர்ப் படகில் இறங்குவார்கள்.
முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு மிதவைச் சட்டைகள்.
யான்கிச்சாவின் வாய் குறுகல்,
ஓதம் ஏறும் நேரத்தில்தான் உள்ளே விடும்
என்றபடி கிளிம் கையுறை மாட்டுவான்.
எரிமலைக் குழிக்குள்
கடல் கிண்ணத்துப் பால்போலக் கிடக்கிறதாம்.
கரையில் கல்லிடுக்கெல்லாம் வெந்நீர் குமிழியிடுகிறதாம்.
"முட்டை அவிக்கலாம், தைசியா."
எனக்கு அவிக்க இங்கேயே இருக்கின்றன
அறுபத்து நான்கு.

சாயங்காலம் திரும்பிவந்து
லியோன் நகரத்துப் பல் மருத்துவர்
கேமராவைத் திருப்பிக் காட்டினார்:
திரை முழுக்க ஒரு நரியின் மூக்கு.
தோலுக்காக யாரோ கொண்டுவந்து விட்ட நரிகளின் வம்சம்.
தோல் வியாபாரம் செத்துவிட்டது,
நரிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.
பறவை தின்று கொழுத்து நிற்கின்றன.
"நல்ல நரி" என்றேன்.
தட்டை எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு மூடுபனி.
விளக்குகள் அணைய வேண்டும், திரைகள் இழுக்க வேண்டும்,
வெளிச்சத்துக்குப் பறவைகள் வந்து விழும்,
கேப்டன் ஒவ்வோர் இரவும் சொல்வதுதான்.
மாவு பொங்கட்டும் என்று
மூட்டைமேல் சாய்ந்தவள்
தூங்கிப்போனேன்.

முதலில் ஒரு தட்டல்.
"திறந்துதான் இருக்கு" என்றேன் கண் திறக்காமல்.
பிறகு கல்மழை.

தளமெங்கும் கரிய உருண்டைகள்.
நெற்றியில் முன்னோக்கிச் சுருண்ட கொண்டை,
ஆரஞ்சு அலகு.
கடலிலிருந்து எழும்பத் தெரிந்து
இரும்புத் தளத்திலிருந்து எழும்பத் தெரியாத உடம்புகள்.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் முழங்காலிட்டுக் கையால் துழாவினேன்.
கிளிம் உள்ளாடையோடு ஓடி வந்தான்.
கேப்டன் வந்தார். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
முட்டைக்கோஸ் பெட்டி, உருளைக்கிழங்குச் சாக்கு,
ரொட்டிக் கூடை,
கடைசியில் என் பெரிய சூப் பானை.
கடித்தன.
"கடிக்கிறது பிழைக்கும்" என்றான் கிளிம்.
கடிக்காததையும் பானையில் போட்டேன்.

வாசம்.
யாரும் எனக்குச் சொன்னதில்லை,
கன்யூகாவின் கழுத்தில்
உரித்த மாண்டரின் ஆரஞ்சின் வாசம்.
பதினோரு வருடப் புகைப்படங்களில்
ஒன்றிலும் அது இல்லை.
மகதானில், வருடத்தின் கடைசி ராத்திரி,
ஒரே ஒரு பழத்தை ஐந்து பேர் பிரித்துக்கொண்டு
தோலை நகத்தால் கீறிக் கீறி முகர்ந்தோமே,
அது. அப்படியே அது,
மீன் தின்னிகளின் நாற்றத்துக்கு நடுவே.

கிளிம் சொல்லித் தந்தான்:
"மெதுவாக விட்டால் விழும். எறி."
எறிந்தேன்.
பனிக்குள் ஒவ்வொன்றாக எறிந்தேன்.
கை விட்ட இடத்தில் ஒரு படபடப்பு,
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததுதான் நல்ல சேதி.
நூற்று நாற்பத்தாறு வரை எண்ணினேன்.
எண்ணிக்கை தெரிந்தால் கூடவே வரும் என்று
நிறுத்திவிட்டேன்.

ஒன்பது பறக்கவில்லை.
இதை மட்டும் எண்ணாமலே தெரிந்தது.
பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி
கடலில் விட்டேன்.

விடியும்போது மாவு
பொங்கி வழிந்து அமுங்கிப் புளித்திருந்தது.
வேறு மாவு இல்லை. அதையே சுட்டேன்.
முப்பத்திரண்டு பேரும் நன்றாகத் தூங்கியிருந்தார்கள்.
பல் மருத்துவர் ரொட்டியைக் கடித்து நிறுத்தினார்:
"ஆரஞ்சுத் தோல் சேர்த்தீர்களா?"
கீறல் விழுந்த கைகளை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு
"கொஞ்சம்" என்றேன்.

படகு இறங்கியது. சத்தம் தேய்ந்தது.
சூப் பானையை மூன்று முறை கழுவினேன்.
நான்காவது முறை கழுவவில்லை.