ஒரே சட்டை, இரண்டு ரசீது

பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான்
விலை சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன்,
இருபத்தாறு வருஷமாக.
வலப்பக்கம் என்றால் இரண்டு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்.
இடப்பக்கம் என்றால் ஏழே கால்.

ஃப்ரெஸ்னோவில், பிளாக்ஸ்டோன் சாலையில்,
டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே
என் சலவைக்கடை.
எதிரே சிக்னல்கூடத் தெரியாத
ஜனவரி மூடுபனிக் காலையில்
லொரெய்ன் பெட்ராஸ்கி வந்தாள்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கையுறையைக் கழற்றாமலே
மேசைமேல் இரண்டு ரசீதுகளை வைத்தாள்,
கடைசித் துருப்பை இறக்குகிறவள் போல.

"திங்கள்கிழமை நான் கொண்டுவந்தேன், ஏழே கால்.
வியாழக்கிழமை என் தம்பி கொண்டுவந்தான்,
இரண்டு தொண்ணூற்றைந்து.
அதே சட்டை, வார்ட்கேஸ்.
காலரில் அதே மைக்கறை.
இரண்டு தடவையும் நீங்கள் எடுக்காத கறை."

பார்த்தேன். ஆமாம், அதே கறை.
பொத்தான் வலப்பக்கம்.
அப்படியானால் நான் பார்த்தது
பொத்தானை இல்லை.

வழக்குப் போடவில்லை அவள். கணக்குப் போட்டாள்.
வாரம் இரண்டு சட்டை, மூன்று வருஷம்,
ஆயிரத்து முப்பத்திரண்டு டாலர்.
பள்ளியின் கோடை விடுமுறையை
அவளே கழித்திருந்தாள்.

மனைவியின் அண்ணன் நாசரெட் வக்கீல்.
வால்நட் உடைத்துக்கொண்டே சொன்னான்:
"விலை வேறாக இருக்கலாம்.
ஆள் வேறு என்பதற்காக இருக்கக் கூடாது.
நேரம் கூடுதலா, கேள். வேலை கடினமா, கேள்.
உனக்குச் செலவு அதிகமா, கேள், கணக்கைக் காட்டு.
அதற்குமேல் ஒரு சென்ட் என்றாலும்
கோர்ட்டில் நான் உன் மச்சான் இல்லை."

மெஷின்மேல் பழியைப் போட்டேன்.
பழி தாங்க ஏற்ற மெஷின்தான் அது.
ஆண் மார்பின் அச்சு, நாற்பது நொடி நீராவி,
ஆள் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும் சட்டை.
சின்ன பிளவுஸ் அதில் நிற்காது, நழுவும்,
கையால்தான் தேய்க்க வேண்டும்.
"நிற்காத துணிக்கு அது நல்ல காரணம்" என்றான்.
"நிற்கிற துணிக்கு?"

ஒரு வாரம், ஸ்டாப்வாட்சும் கையுமாக,
ஒஃபேலியாவின் இஸ்திரிப் பலகை அருகே நின்றேன்.
பட்டு, பதினொரு நிமிடம்.
கொசுவம் வைத்த கை, ஒன்பது.
பாசிமணி தைத்தது, இருபது,
அதில் இரண்டு நிமிடம் அவள் ஸ்பானிய மொழியில் திட்டியது.
'பெண்' என்று நான் சீட்டுக் குத்திய பருத்திச் சட்டைகளில்
பாதிக்குமேல் மெஷினில் சிக்கென நின்றன,
நாற்பதே நொடி.
பிறகு நீதிபதி ஹூக்ஸ்ட்ராவின் சட்டை:
பாய்மரம்போல் அச்சைத் தாண்டி வழிந்தது,
கையால் ஆறு நிமிடம்.
இத்தனை வருஷமும் அவரிடம்
இரண்டு தொண்ணூற்றைந்துதான் வாங்கினேன்.

விலைப்பலகையில் ஆண், பெண் இரண்டையும்
பிளேடால் சுரண்டினேன்.
மெஷின், கை, பட்டு, மடிப்பு, மணி என்று எழுதினேன்.
சாய்வெயிலில் பழைய எழுத்து
இன்னும் தெரிகிறது, தழும்பாக.
செவ்வாய்க்கிழமை முதியோர் கழிவு நிற்குமா என்றேன்.
பார்த்துச் சொல்கிறேன் என்றான் மச்சான்,
இன்னும் பார்க்கிறான்.

நீதிபதி வந்தார். பலகையை இரண்டு முறை படித்தார்.
ஆறு ஐம்பதை எண்ணி வைத்தார்.
சட்டம் தெரிந்தவர், ஒன்றும் சொல்லவில்லை.
கதவைத்தான் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினார்.

அன்று சாயந்திரம், கடைசி உருப்படி.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து
ஒஃபேலியா கேட்டாள்:
"இந்தக் கடிகாரம் கூலிக்கும் ஓடுமா, முதலாளி?"
மெஷின் பக்கம் நிற்கும் கரோவுக்கு
மணிக்கு இரண்டு டாலர் அதிகம் தருகிறேன்.
ஏன் என்று யோசித்தபோது
என் கை என் சட்டைப் பொத்தானைத் தடவியது.

பதில் சொல்லவில்லை.
ஸ்டாப்வாட்சை நிறுத்தவும்
மறந்திருந்தேன்.