ஆறு இருக்க வேண்டிய இடத்தில்

கும்பகோணத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில்
கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவன் நான்.
வை. கலியபெருமாள், லஸ்கர் (ஓய்வு),
பத்துக்கு எட்டடி, கண்ணீர் அஞ்சலி.
தோற்றம் சரியாக இருந்தது.
மறைவில்தான், மாதத்தில்,
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு விழுந்துவிட்டது.

அவர் மகன் திட்டவில்லை.
தேதியை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்து
"இன்னும் ஒரு மாசம் இருக்காரா அப்பா"
என்று மட்டும் கேட்டார்.
வேறு அடித்துக் கொடுத்தோம்.
முதலாளி என் சம்பளத்தில் எழுநூற்று இருபது பிடித்துக்கொண்டு
தப்பான கலியபெருமாளைச் சுருட்டி
என் கையில் தந்தார்.

குணசீலன் லேத் பட்டறைக்காரன்.
ஒரு ராத்திரியாவது கொள்ளிடத்தில் படுக்கணும் என்று
மூணு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன்
சுருளைப் பார்த்ததும்
"கூடாரம் கிடைச்சிருச்சுடா" என்றான்.

நீலத்தநல்லூர் பாலத்துக்குக் கிழக்கே
படுகை மூங்கிலில் ஆறு கழி வெட்டி
(முள் கிழித்தது, அவன் காதையும்)
நாணல் தாண்டி நடு மணலில் இறங்கினோம்.
அரிசி, உப்பு, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு.
மணல் லாரி தோண்டிப்போட்ட குழியில்
முழங்கால் தண்ணீர், அதுதான் குடிக்க, குளிக்க.
மற்றபடி
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை
வெள்ளையாய் வெறுமனே கிடந்தது கொள்ளிடம்.

"மூஞ்சி வெளிய இருக்கட்டும், நரி வராது."
அப்படியே கட்டினோம்.
அடுப்பு வெளிச்சம் பின்னாலிருந்து பட்டதும்
உள்ளே படுத்திருந்த எங்களுக்கு
எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது.
அவருடைய வலதுகைப் பேனா இடதுபைக்குப் போயிருந்தது.
மீசைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

குணசீலன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்,
வலமிருந்து இடமாக.
"டேய், இன்னிக்கு என்ன தேதி?"
பதினேழு.
"மாசம்?"
நான் சொல்லவில்லை.
வெளியே விறகு ஒன்று சரிந்து
கலியபெருமாள் ஒரு கணம் பிரகாசமானார்.

தண்ணீர் வந்தால் இரைந்துகொண்டு வரும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
பூனை நக்கிக் குடிக்கிற ஓசை.
லாரித் தடத்தில் முதலில்,
இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு கோடாக,
பிறகு ஒவ்வொரு குழியாய் நிரப்பி
விட்டுப்போனவர்களின் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி
அவசரமில்லாமல் வந்தது.
அடுப்பு சொய்ங் என்றது.
என் கை போர்வைக்கு வெளியே இருந்தது,
நனைந்து எழுந்தேன்.

கழியைப் பிடுங்கினோம். பானையை விட்டுவிட்டோம்.
மடிக்க நேரமில்லை.
தலைமாட்டை அவனும் கால்மாட்டை நானுமாய்
விரித்தபடியே தூக்கிக்கொண்டு
கணுக்காலில், பிறகு முட்டியில் தண்ணீரோடு
படுகையேறி மருதமரத்தடியில் கிடத்தினோம்.
அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
சிரிக்கலாம் போல இருந்தது.
சிரிக்கவில்லை.
விடியும்வரை இருட்டில்
என்னவோ பெரிதாய்ப் புரண்டு படுத்துக்கொண்டே இருந்தது.

காலையில் முந்நூறு வாத்தை ஓட்டிக்கொண்டு
ஒரு பெண் வந்தாள்.
கிளைமேல் காயப்போட்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தாள்.
தேதியைப் படித்தாள்.
"நேத்துதானா?"

குணசீலன் என்னைப் பார்த்தான்.

"ராத்திரி," என்றேன்.
"தண்ணி வர்ற நேரம்."

உச்சுக் கொட்டினாள்.
கோலைத் தரையில் தட்ட மறந்து
கொஞ்ச நேரம் நின்றாள்.
அதற்குள் வாத்துகள்
நாங்கள் நேற்றுப் படுத்திருந்த இடத்தின் மேல்
நீந்திப் போய்விட்டன.