கடல் தெரியும் அறை

டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கி
இடப்பக்கம் மூன்றாவது சந்து.
ஹோட்டல் சாகர் தர்ஷன்.
பலகையில் சாகர் எரியவில்லை,
தர்ஷன் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது.

சாதா அறை எண்ணூறு,
கடல் தெரிகிற அறை ஆயிரத்து இருநூறு என்றார் பரப்.
ஆதார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பின்னால் ஆம்பளை யாரும் வருகிறார்களா என்று
படியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
விற்ற சங்கிலியில்
நானூறு ரூபாய்க்கு எத்தனை கண்ணி வரும் என
எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டு,
பணத்தை எடுத்து வைத்தேன்.

சாவி திரும்பவில்லை.
பையன் தோளால் இடித்துத் திறந்தான்.
விரிப்பில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணம்.
தலையணையில் வேறொருவரின் தேங்காயெண்ணெய்.
குழாய் வெகுநேரம் இருமி
டீ நிறத்தில் அரை வாளி தந்தது.

திரையை விலக்கினேன்.
சுவர்.
துறைமுகக் கிடங்கின் முதுகு,
கை நீட்டினால் தொடலாம்.
விரிசலில் ஓர் அரசங்கன்று,
கெட்டுப்போன ஏசிப் பெட்டிக்குள் புறா.

கடல் எங்கே என்றேன்.
பையன் குளியலறைக்குள் போய்
வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி
வென்டிலேட்டரில் கன்னத்தை ஒட்டி,
அதோ என்றான்.
நானும் ஏறினேன்.
இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
தீப்பெட்டி அகலத்தில் ஒரு சாம்பல்.
அதுதான் கடல் என்று
தன் அம்மாமேல் சத்தியம் செய்தான்.
தூத்துக்குடிக்காரியிடம் சத்தியம் செய்து
கடலை நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கடல் வேண்டாம் தம்பி.
அதில் நிற்கிற ஒரு கப்பல் வேண்டும்.
முதலாளி கைவிட்டு ஏழு மாதம்,
சம்பளமில்லை, டீசல் இல்லை,
இறங்கினால் பாக்கியும் போச்சு என்கிறார்கள்.
பதினொரு பேர், அதில் ஒருத்தன் என் கஸ்பார்.
பல்லார்டு எஸ்டேட்டில் எந்த ஆபீஸ் படி ஏறினாலும்
மேஜைக்குப் பின்னால் 'நாளைக்கு' உட்கார்ந்திருக்கிறது.
இவ்வளவையும் இந்தியில் சொல்ல எனக்குத் தெரியாது.
ஜஹாஜ் என்றேன். ஆத்மி என்றேன்.
அவன் போய்விட்டான்.

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
பையன்தான், கையில் மொட்டைமாடிச் சாவி.

மேலே ஹோட்டலின் அத்தனை விரிப்புகளும்
ஈரமாய்த் தொங்கிக்கொண்டிருந்தன.
முகத்தில் அறைந்த ஒன்றை விலக்கினால்
அந்தப் பக்கம் ஒரே இருட்டு,
இருட்டு முழுக்க விளக்கு.

போன் போட்டேன்.
"சார்ஜ் நாலு பர்சென்ட்தான் இருக்கு,
டார்ச்ச ஆட்டுறேன், தெரியுதா?"

நாற்பது வெளிச்சமாவது இருக்கும்.
டிராம்பே பக்கம் ஒன்று
குழாய் முனையில் தீயாகவே எரிந்தது.
எதுவும் ஆடவில்லை,
இல்லை, எல்லாமே ஆடின.

தெரியுது என்றேன்.
"எப்படி ஆட்டுறேன், சொல்லு பார்ப்போம்."
மேலயும் கீழயும் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அப்புறம் போன் செத்துப்போனது.

காலையில் பரப்பிடம் சண்டை பிடித்தேன்.
சுவருக்கு எதற்கு நானூறு?
ராத்திரி மாடியில் பார்த்தீர்களே, என்றார்.
பையன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைத்த இடத்தையே திரும்பவும்.
நூற்றைம்பது திரும்பி வந்தது,
அதில் ஒரு நோட்டு ஒட்டுப்போட்டது.

இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
சாதா அறையே போதும்,
மாடிச் சாவி மட்டும்
என்னிடம் இருக்கட்டும்.