பதினாலு நாள்

வேனின் பின்சீட்டை மடக்கிக்
கம்பளி விரித்தாயிற்று.
மிளகு ஏறமாட்டான்.
ஏற முடியாது என்பது வேறு,
ஏறமாட்டேன் என்பது வேறு;
பதினோரு வயதில் இரண்டும்
ஒரே இடுப்பில் குடியிருக்கின்றன.

இடதுபக்கம் தொட்டால் கடிப்பான்.
ஆகவே வலதுபக்கமாகப் பெட்ஷீட்டை நுழைத்து
நானும் பெள்ளியும் தூக்கினோம்,
பிணம் தூக்குவதுபோல என்று சொல்ல வந்த பெள்ளி
பல்லக்கு என்று மாற்றிக்கொண்டான்.

மூன்று வீடு போய்த் திரும்பியவன்.
குன்னூரில் நான்காம் நாளே
பால்காரரின் மழைக்கோட்டைக் கிழித்தான்.
வெலிங்டனில் சோபா நனைந்தது.
மூன்றாம் வீட்டார் காரணமே சொல்லவில்லை,
காப்பகத்துக் கேட்டில் கட்டி
ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.
கழுத்தில் புதுப்பட்டை.
அதை மட்டும் நல்லதாக வாங்கியிருந்தார்கள்.

கோத்தகிரி தாண்டி அரவேனு போகும் வழியில்
நடுரோட்டில் ஒரு காட்டெருமை.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கண்ணில் பால் படர்ந்த மிளகுக்கு
அது இன்னொரு மூட்டம், அவ்வளவுதான்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாமாம்.
நாயைக் கொடுக்கையில்
ஒரு பொய் சொன்னாலும் வண்டி திரும்பி வரும்.
எனவே வாசலிலேயே படித்தேன்:
இதயம் வீங்கியிருக்கிறது, அரை மாத்திரை இருவேளை.
நாலு பல் இல்லை. இருப்பவை போதும்.
ராத்திரியில் காரணமில்லாமல் குரைப்பான்.
மழைக்கோட்டுப் போட்டவர் யாரும் ஆகாது,
இந்த மலையில், அய்யா, யோசித்துக்கொள்ளுங்கள்.

சன்னாசி டீ ஃபேக்டரியில் ராத்திரிக் காவல்.
உள்ளங்கையில் மூக்குப்பொடி வைத்தபடி
எல்லாவற்றையும் கேட்டார்.
ஒன்றே ஒன்று கேட்டார்:
"குறட்டை விடுவானா?"
விடுவான்.
"அப்ப நான் விடறது தெரியாது."

படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில்
அட்டன், இலங்கை என்று எழுதினார்.
ஞாபகம் இருக்கா?
"கப்பல் மட்டும். அதுவும் அம்மா சொன்னது."
கையெழுத்துப் போடும் இடத்தை
மிளகு மோந்துவிட்டு நகர்ந்தான்.

பதினாலு நாள் சோதனை என்று சொல்லி வந்தேன்.
யாருக்குச் சோதனை என்று
படிவத்தில் இல்லை.

மூன்றாம் நாள் போன்:
"மாத்திரையைத் துப்புறான்."
வர்க்கிக்குள் வைத்துக் கொடுங்கள்.
அரைமணி கழித்து மறுபடி:
"வர்க்கியத் தின்னுட்டு மாத்திரையைத் துப்புறான்."

ஆறாம் நாள்: "கடிச்சிட்டான்."
எங்கே?
"இடதுபக்கம்."
உங்களுக்கா, அவனைத் தொட்டதா என்று நான் கேட்குமுன்
"ஊசி போட்டாச்சு, எம்மேலதான் தப்பு" என்று
வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் போனே இல்லை.
குறை சொல்லும் போன் பழகிய காதுக்குப்
பேசாத போன் பெரிய சத்தம்.
எட்டாம் நாள், பத்தாம் நாள்,
சோறு வைக்கும்போதெல்லாம் அவனுடைய காலிக் கூண்டை
யாருக்கும் ஒதுக்காமல் கழுவிக் கழுவி வைத்தேன்.
பெள்ளி பார்த்தும் பாராததுபோல் இருந்தான்.

பதினாலாம் நாள் கொட்டும் மழை.
கிளம்பும்போது என்னை அறியாமல்
பின்சீட்டை மடக்கிவிட்டிருந்தேன்.
கம்பளியும் விரித்திருந்தேன்.

லைன் வீட்டு வாசலில் சாக்கின் மேல் மிளகு.
பக்கத்தில் சன்னாசியின் கம்பூட்ஸ்,
ஒன்றின் மேல் அவன் தாடை.
தலை தூக்கினான்.
இரண்டு வருஷம் என் கையில் தின்றவன்,
உதடு சுருட்டி
நாலு பல் குறைந்த வாயால்
உறுமினான்.

"கோட்டக் கழட்டுங்கம்மா," உள்ளேயிருந்து குரல்,
"அதுதான் அவனுக்கு ஆகாதே."
கழட்டினேன்.
மழை முதுகில் இறங்கியது.
மிளகு, நான்தான், என்றேன்.
கையை நீட்டினேன், மோப்பத்துக்கு.
மோந்தான். தெரிந்துகொண்டான்.
வால் ஒருமுறை சாக்கைத் தட்டியது.
ஆனால் உறுமல் நிற்கவில்லை,
காது மட்டும் என்னைத் தாண்டி
ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

வேன் ஓடிக்கொண்டே நின்றது.

போய் அணைத்துவிட்டு வந்தேன்.